மகர மாதத்துச் சிவப்பு

“இதென்ன பிள்ளே, ஊரு பாதி எரிஞ்சும் பாதி சாம்பலாயும் கிடக்கு?”

புஷ்பபாய் படத்தைத் தொடவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி எட்ட நின்றே கேட்டாள். சாப்பாட்டு மேசையின் மேல் ஸ்ரீகுமாரி விரித்து வைத்திருந்தது ஆபீசில் வேண்டாம் என்று ஒதுக்கிய, மூன்று வருஷம் பழைய ஒரு நகல். பாறசாலையிலிருந்து அம்பூரி மலை வரைக்குமான பூமி ஒரு முழத்துக்குள் அடங்கிக் கிடந்தது. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் எடுத்த படம். சில இடம் செக்கச்செவேல், மற்ற இடமெல்லாம் சாம்பல். நெய்யாறு அணை மட்டும் மைக்கூட்டைக் கவிழ்த்தது போலக் கறுப்பு.

“தீயில்ல அக்கா. அது பச்சையாக்கும்.”

“பச்சையா? எனக்க கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?”

“நமக்குப் பச்சை. அந்தக் காமராவுக்கு, இலை எவ்வளவு செழிச்சு நிக்குதோ அவ்வளவு சிவப்பு. அணையில நிக்க வெள்ளம்ண்ணா கறுப்பு. காஞ்ச மண்ணும் பாறையும் சாம்பல்.”

“பின்ன, மனுசரு?”

“மனுசரு தெரியமாட்டாவு.”

“அது நல்லதுதான். தெரிஞ்சா அங்கயும் ரெண்டு பேரு சண்டைக்கு நிப்பாவு.” புஷ்பபாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த ஜெயதாஸ் சிரித்தான். அவன் ஸ்ரீகுமாரியின் கணவன், புஷ்பபாயின் தம்பி. குன்னத்துகாலில் மூன்று பேருடைய நிலத்தைப் பாட்டத்துக்கு, குத்தகையாக, எடுத்து ஏத்தன் வாழை போட்டிருந்தான். “இவளுக்கு உறக்கத்துலயும் இந்தச் சிவப்புதான் அக்கா. நேத்து என்ன சொன்னா தெரியுமா? ‘வரப்புல ஏறி வராதிய, நனைஞ்சுபோவும்’ண்ணு. நான் பேடிச்சு எழும்பிக் காலத் தடவிப் பாத்தேன்.”

ஸ்ரீகுமாரிக்கு முகம் சிவந்தது. ஆனால் அவன் சொன்னது உள்ளதுதான். அந்த வருஷத்துத் தை மாதத்திலிருந்து, இந்தப் பக்கத்தார் மகரம் என்று சொல்கிற மாதத்திலிருந்து, அவள் கண்டதெல்லாம் ஒரே கனவு. படத்துக்குள் அவள் நடந்து போகிறாள். தென்னைகள் குங்குமத் தலையோடு நிற்கின்றன. பாறைகள் புகைபோல நீலித்துக் கிடக்கின்றன. காலுக்கடியில் பூமி மெத்தென்று, காகிதத்துக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்றாக இருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. பறவை கூட இல்லை. நடந்து நடந்து ஒரு சிவப்புத் துண்டில் கால் வைக்கும்போது, பாதம் குளிர்ந்து, விரலிடுக்கில் தண்ணீர் ஏறி வருகிறது. அந்தக் குளிர்ச்சியோடுதான் விழிப்பாள்.

அவளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. விடியுமுன் பாறசாலையில் ரயில் பிடித்தால், பொழுது அடைந்துதான் வீடு. உள்ளே விளக்கு எரிகிற ஒரு கண்ணாடி மேசையில் வானத்துப் படத்தை வைத்து, அதன் மேல் தெளிந்த தாளைப் போட்டு, எந்த இடத்தில் எந்தப் பயிர் பிழைக்கும் என்று கோடு வரைய வேண்டும். எல்லையோரத்துப் பஞ்சாயத்துகளில் மகரம் பிறந்தாலே கிணறு வற்றிப் போகிறது. எங்கே வாழைக்குத் தண்ணீர் கொண்டுவரலாம், எங்கே முந்திரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் தீர்மானிக்க அந்தப் படம்தான் ஆதாரம்.

அந்த ஆபீசில் அவளுக்கு ஒரு மதிப்பு உண்டு. அது வந்த விதம் இப்படி. வடக்கிலிருந்து வந்து வேலை பார்த்த ஒருவர், தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஜனவரிப் படத்தைப் பார்த்து, இந்தப் பக்கத்துக் குன்றுகளையெல்லாம் தரிசு என்று வரைந்து வைத்துவிட்டார். ஸ்ரீகுமாரி பார்த்ததும் சிரித்துவிட்டாள். “தரிசில்ல சார், ரப்பராக்கும். மகரத்துல இலை உதுத்து மொட்டையா நிக்கும். அடுத்த மாசம் துளுத்துரும்.” மேலதிகாரி விஜயதாஸ் எழுந்து வந்து பார்த்தார். “நாட்டுகாரி ஒராளு வேணும் எந்நு ஞான் பண்டே பறஞ்ஞதா,” என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். இந்த ஊர்க்காரி ஒருத்தி வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தாராம்.

அன்றிலிருந்து ஸ்ரீகுமாரி தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். மழைக்காலத்துப் படத்தில் எல்லாமே சிவப்பு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மகரத்துப் படம் அப்படியில்லை. ரப்பர் மொட்டை, புல் கருகல், வயல் வெடிப்பு. அந்த நேரத்திலும் ஒரு துண்டு சிவப்பாக நின்றால், அதன் காலடியில் தண்ணீர் இருந்தே தீரும். விஜயதாஸ் சாருக்கும் இது பிடித்துப் போயிற்று. எல்லையோரம் முழுக்க அவள் அப்படித்தான் வரைந்து வந்தாள்.

ஊரில் விஷயம் பரவாமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை ஆனால், விளை என்கிற மேட்டுத் தோட்டம் உள்ளவர்களிடமிருந்து வாசலில் பலாச்சக்கை வந்து இறங்கும், முருங்கைக்காய் வந்து சாயும். “மக்கா, நம்ம விளைய ஒரு இத்திரி சிவப்பாக்கி விடு, உனக்குப் புண்ணியம் கிட்டும்.” “எனக்க மேல வீட்டுக்காரனுக்க விளைய மட்டும் சிவப்பாக்கிராத, கேட்டியா?” நான் ஒன்றும் நிறம் பூசுகிறவள் இல்லை என்று அவள் சொன்னால் யார் நம்பினார்கள்? ஆகாசத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு மண்ணுக்குள்ளேயும் தெரியும் என்று ஊர் நினைத்தது. அது அப்படியில்லை என்று ஆரம்பத்தில் இரண்டொரு பேரிடம் விளக்கினாள். பிறகு விட்டுவிட்டாள். அப்படி நினைக்கப்படுவது கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

“எனக்க விளை இதுல எங்க கிடக்கு?” என்று புஷ்பபாய் கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் ஜெயதாஸ் கால் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

புஷ்பபாயை அம்பூரியில் கட்டிக் கொடுத்திருந்தது. புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல், போன ஓணத்துக்குப் பிறகு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்பூரியில் மாமியார் படுக்கையில் கிடந்தாள். கொழுந்தன்மார் மாதம் ஒருமுறை ஆள் விட்டார்கள்: தள்ளையைப் பார்க்க ஆளில்லை, மைனி வந்தால் அவளுடைய பழைய அறை அப்படியே இருக்கிறது. அந்த அறை எப்படிப்பட்டது என்று புஷ்பபாய்க்குத் தெரியும். அடுக்களைக்குப் பின்னால், ரப்பர்த் தாள் உலர்த்துகிற புகைக்கூட்டுக்கு அடுத்தது. பதினெட்டு வருஷம் அந்தப் புகையில் உறங்கியவள் அவள். குன்னத்துகாலில் அப்பா எழுதி வைத்த ஒரு துண்டு விளை குன்றின் சரிவில் கிடந்தது. அங்கே இரண்டு அறை கட்டி, ஏத்தன் வாழை வைத்து, தன்பாட்டுக்கு இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆசை. தண்ணீர் இல்லாத சரிவில் யார் வீடு கட்டுவார்கள்? கிணறு வந்தால் வீடு. இல்லையென்றால் அம்பூரி.

ஸ்ரீகுமாரி நகத்தை வைத்துக் காட்டினாள். “இந்தா, இங்க அக்கா.”

சுற்றிலும் சாம்பலுக்கு நடுவே, குன்றின் சரிவில் ஒரு செந்துண்டு. புஷ்பபாய் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

“சிவப்பு,” என்றாள்.

“சிவப்புதான்.”

“அப்பம்?”

ஸ்ரீகுமாரி பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. அந்தச் சரிவில் அப்போது என்ன நின்றது என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. கனவில் தன் பாதம் நனைந்த இடம் இதுதான் என்று அவளுக்குத் திடீரென்று தோன்றியது.

“வெள்ளம் உண்டு அக்கா,” என்றாள். “நான் அங்க நடந்து பாத்திருக்கேன். கனவுல.”

புஷ்பபாய் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கையில் இன்னும் மீன் கழுவின ஈரம் இருந்தது.

கும்பத்தில், அதாவது மாசியில், தோண்டிக் கிடைக்கிற தண்ணீர்தான் வருஷம் முழுக்க நிற்கும் என்பதால், கும்பம் பிறந்ததுமே வேலை தொடங்கிற்று. கிணறு வெட்டுகிற யோசுவா இரண்டு ஆட்களோடு வந்தார். வழக்கமாக இந்த ஊரில் கம்பு பிடித்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வருவார்கள். புஷ்பபாய் வேண்டாம் என்றுவிட்டாள்.

“அதென்ன, கம்பு பிடிக்காம குழி தோண்டவா?” என்றார் யோசுவா.

“எனக்க தம்பி பெண்டாட்டி ஆகாசத்துலேந்து பாத்தாச்சு.”

“ஆகாசத்துலேந்தா? பாத்தவா இறங்கி வந்தாளா, இல்ல அங்கயே நிக்காளா?”

“நீரு தோண்டும் ஓய்.”

தோண்டினார்கள். மேலே செம்மண், அதற்குக் கீழே வெட்டுகல், பிறகு சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைக் களி. களி வந்தால் தண்ணீர் பக்கத்தில் என்பார்கள்; அதைக் கண்டதும் புஷ்பபாய் பாயசம் வைத்தாள். களிக்குக் கீழே மறுபடியும் வெட்டுகல். புஷ்பபாய் தினமும் காலையில் போய் மண் குவியலின் மேல் உட்கார்ந்துகொள்வாள். வாளி ஏறி வரும்போதெல்லாம் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பாள். அது பொடிந்து காற்றில் போகும்.

“இன்னும் கொஞ்சம் போட்டும்,” என்பாள்.

“போவும் போவும். இப்படியே போனா அமெரிக்காவுல ஒருத்தனுக்க அடுக்களையில போய் நிக்கலாம். அங்க பைப்புல வெள்ளம் உண்டு,” என்பார் யோசுவா. அவர் தலை தரைக்குக் கீழே எப்போதோ போய்விட்டது. குரல் மட்டும்தான் மேலே வரும்.

வீட்டில் புஷ்பபாய் இதையெல்லாம் சொல்லமாட்டாள். “வரும். இன்னும் உள்ள போனா வரும்,” என்று மட்டும் சொல்வாள். கட்டப்போகிற வீட்டுக்கு எந்த ஜன்னல் கிழக்கே, எந்த ஜன்னல் தெற்கே என்பதை ஸ்ரீகுமாரியின் மூன்று வயது மகள் ஷீனாவிடம் சோற்றைப் பிசைந்துகொண்டே விவரிப்பாள். இரவில் ஸ்ரீகுமாரியின் கனவு நீண்டுகொண்டு போயிற்று. குங்கும மரங்களுக்கு நடுவே இப்போது ஒரு சின்ன வீடும் தெரிந்தது. அதற்கு நிறமே இல்லை.

அடுத்த ஞாயிறு சாயங்காலம். ஜெயதாஸ் குலை தள்ளிய வாழைகளுக்கு ஊன்றுகால் கொடுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஸ்ரீகுமாரி கயிறு எடுத்துக் கொடுத்தாள். காற்று அடித்து, எதிர்க் குன்றில் ரப்பர்த் தோட்டம் அசைந்தது. புதுத் தளிர் விட்டிருந்தது. செம்புத் தகடு போன்ற இலைகள். அந்திவெயிலில் குன்றே ஒரு பாத்திரம் போல மின்னிற்று.

“அக்காவுக்க விளையிலயும் ரப்பர் நிக்க வேண்டியதாக்கும்,” என்றான் ஜெயதாஸ், கயிற்றை முடிச்சுப் போட்டபடி. “இருந்திருந்தா இப்பம் ஆளுக்கு மேல வளந்து நிக்கும்.”

“ரப்பரா? அங்கயா?”

“உனக்குத் தெரியாதா? நீ அப்பம் ஷீனாவப் பெற உனக்க வீட்டுக்குப் போயிருந்த. அந்தச் சரிவு முழுக்க, அக்காவுக்கது, பக்கத்துல உள்ளவனுக்கது எல்லாம் சேத்து ஒரு ஆளு பாட்டத்துக்கு எடுத்தான். ரப்பர்க் கன்னு வச்சான். கன்னுக்கு இடையில தோட்டப்பயறு விதைச்சு விட்டான். அம்மாடி, அது ஒரு கொடி! மண்ணு ஒரு விரக்கிடை தெரியாது. மகரத்துல ஊரே கருகிக் கிடக்கச்சில, அது மட்டும் பச்சைக் கம்பளம் போல நிக்கும். ஆடு உள்ள போனா ஆட்டக் காணாது.”

ஸ்ரீகுமாரியின் கையில் கயிறு நின்றுவிட்டது.

“அது எப்பம்?”

“ஷீனா பிறந்த வருஷம்தான். பிறகு அந்தக் கோடையில ஆரோ பீடி போட்டுத் தீப்பிடிச்சு, கன்னும் போச்சு, கொடியும் போச்சு. அவனும் போனான். ஏன், என்ன?”

“எனக்க படம் அந்த மகரத்துல எடுத்தது.”

ஜெயதாஸ் அடுத்த வாழைக்கு நகர்ந்துகொண்டிருந்தான். நின்றான். “அதுக்கு என்ன? நீ மண்ணுக்குள்ள உள்ள வெள்ளத்தப் பாத்துதான சொன்ன?”

“மண்ணுக்குள்ள ஒண்ணும் தெரியாது. மேல உள்ள இலைதான் தெரியும்.”

“இலையா?” அவன் ஊன்றுகாலைக் கீழே சாய்த்தான். “எட்டி, நான் நினைச்சேன்… ஊரே நினைச்சிருக்கு. நீ ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?”

“நீங்க ஒரு வாக்கு சொல்லப்பிடாதா, கொடி நின்னுதுண்ணு?”

“நீ கேட்டியா?”

“நீங்க கேட்டியளா?”

விடியுமுன் ஒருத்தி ரயிலேறுகிறாள், விடிந்ததும் ஒருவன் வாழைக்குப் போகிறான். பேசுகிற நேரமெல்லாம் பிள்ளைக்குப் பால், மண்ணெண்ணெய், நாளைக்கு என்ன குழம்பு. சரிவில் நின்றது என்ன என்று அவனுக்குத் தெரியும். வானத்திலிருந்து அது எப்படித் தோன்றும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பாயில், இத்தனை நாளும் அடுத்தடுத்துப் படுத்துக் கிடந்தன.

“ஒருவேளை கொடிக்குக் கீழ வெள்ளமும் இருந்தா?” என்றான் ஜெயதாஸ், மெதுவாக.

அதைத்தான் அவளும் நினைத்தாள். திங்கட்கிழமை ரயிலில் அதை நினைத்துக்கொண்டே போனாள். கண்ணாடி மேசையின் விளக்கைப் போட்டு, பழைய படத்தை எடுத்து வைத்து, பூதக்கண்ணாடியை அந்தத் துண்டின் மேல் நிறுத்தினாள். ஒரே சீரான சிவப்பு. ஆற்றங்கரைத் தென்னந்தோப்புகள் புள்ளி புள்ளியாகக் கரடுமுரடாக இருந்தன. இது தேய்த்து வைத்த பட்டு போல இருந்தது. அதன் ஓரங்களைப் பார்த்தாள். கீழே ஒரு நேர்கோடு. மேலே ஒரு நேர்கோடு. பக்கங்களில் வெட்டினது போல நின்றது.

நீரோட்டம் இப்படியா இருக்கும்? அது வளையும், நெளியும், பள்ளத்தைத் தேடிப் போகும், மெல்ல மெல்ல மங்கி ஓயும். அடுத்தவனுடைய வேலியைக் கண்டதும் அளவெடுத்து நிற்குமா? தண்ணீருக்கு வேலி இல்லை. இந்தச் சிவப்புக்கு வேலி இருந்தது.

அவள் விளக்கை அணைக்காமல் எழுந்து, விஜயதாஸ் சார் மேசைக்குப் போய்ச் சொன்னாள். மகரத்துச் சிவப்பெல்லாம் தண்ணீர் இல்லை, இளம் ரப்பருக்கு இடையில் விட்ட கொடியும் இருக்கலாம், வரைந்தது முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“முழுவதுமா?”

“நேர்கோட்டுல நிக்கதெல்லாம் சார். ஒவ்வொண்ணுக்கும் போய், அந்த வருஷம் அங்க என்ன நின்னுதுண்ணு அயலத்துல உள்ளவங்ககிட்டக் கேக்கணும்.”

“மாசம் ரெண்டு ஆகுமே.”

“ஆகும் சார்.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். திட்டலாமா என்று யோசிப்பது போலிருந்தது. பிறகு, “சரி, நாளைக்குத் தொடங்கலாம்,” என்றார். ஸ்ரீகுமாரி, “சார், எனக்கு இன்னிக்கு மத்தியான வண்டிக்குப் போணும்,” என்றாள். “அங்க இப்பம் தோண்டிக்கிட்டு இருக்காவு.”

மத்தியான வண்டியில் ஆளில்லை. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போயிற்று. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். வெயில் எல்லாவற்றையும் வெளுக்கடித்திருந்தது. கண்ணை மூடினால் தென்னைகள் சிவந்தன, திறந்தால் பச்சையாயின. மூடினாள், திறந்தாள். சிறிது நேரத்தில் எது மூடின கண், எது திறந்த கண் என்று தெரியாமல் ஆயிற்று. சிவப்புக் குன்றுகளுக்கிடையே ஒரு நீல வழி போவது போலவும், அதில் புஷ்பபாய் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அம்பூரியைப் பார்த்து நடப்பது போலவும் தோன்றிற்று. கூப்பிட்டால் கேட்காத தூரம். இஞ்சின் ஊதியதில் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

சரிவில் ஏறும்போது கடப்பாரை கல்லில் மோதும் சத்தம் கேட்டது. மண்ணில் மோதும் சத்தம் இல்லை அது. கணீர் என்று இருந்தது.

“வந்தாச்சா ஆகாசக்காரி?” என்றார் யோசுவா. அவர் மேலே நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு ஆள் இருந்தான். “கரும்பாறை வந்துட்டு. இனி வெடி வச்சாத்தான் உண்டு. உனக்க நாத்தூன் வெடிக்கும் தயாராக்கும்.”

மண் குவியலில் புஷ்பபாய் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை செம்மண். “நீ எப்பிடி இந்த நேரத்துல? பிள்ளைக்கு ஒண்ணுமில்லியே?”

“ஒண்ணுமில்ல அக்கா.” அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். “நான் ஒண்ணு உள்ள இறங்கிப் பாக்கட்டா?”

“மேலேந்து பாத்தது போராதா?” என்றார் யோசுவா. ஆனாலும் உள்ளே நின்றவனை ஏறி வரச் சொல்லி, கயிற்றை அவள் இடுப்பில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

சேலையை வரிந்து செருகிக்கொண்டு, சுவரில் வெட்டிய படிக்குழிகளில் கால் வைத்து அவள் இறங்கினாள். வெயில் மேலேயே நின்றுவிட்டது. செம்மண் போயிற்று, களி போயிற்று. இறங்க இறங்க உலகத்தின் சத்தமெல்லாம் பஞ்சில் பொதிந்தது போல அடங்கிற்று. கனவில் இருந்த அதே அமைதி. பாதம் அடியைத் தொட்டது. வெறும் பாறை. குனிந்து உள்ளங்கையைப் பதித்தாள். சுட்டு ஆறின தோசைக்கல் போல இருந்தது; ஈரத்தின் ஞாபகம் கூட அதற்கு இல்லை. அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருஷமும் அவள் எங்கேயிருந்து பார்த்தாளோ அந்த வானம், ஒரு சோற்றுத்தட்டு அளவுக்கு மேலே கிடந்தது. அதன் விளிம்பில் புஷ்பபாயின் தலை எட்டிப் பார்த்தது.

“என்ன பிள்ளே, நனவு, ஈரம் ஏதும் உண்டா?”

“இல்ல அக்கா.”

“கைய வச்சுப் பாரு.”

“வச்சாச்சு.”

“வெடி வச்சா வருமா?”

“வராது. நான் சொன்னது தப்பு அக்கா.”

குரல் சுவரைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறிற்று. போய்ச் சேர்வதற்கு நேரம் எடுப்பது போலிருந்தது. அவள் மேற்கொண்டு சொன்னாள். ரப்பர்க் கன்று, தோட்டப்பயறு, நேர்கோடு எல்லாவற்றையும் அந்தச் சின்ன வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“அப்பம் படம் பொய் சொல்லிச்சா?”

“படம் உள்ளதத்தான் சொல்லிச்சு. அங்க பச்சை நின்னுது. வெள்ளம்ண்ணு சொன்னது நானாக்கும்.”

“பின்ன கனவு?”

“அதும் நான் கண்டதுதான அக்கா.”

விளிம்பிலிருந்து ஒரு பிடி மண் உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. தலை அங்கேயே நின்றது.

“இத வீட்டுல வச்சுச் சொல்லப்பிடாதா? குழிக்குள்ள போய் நின்னா சொல்லணும்?”

“மேல நின்னு சொல்ல வாய் வரல்ல.”

“ஏன், மண்ணத் தள்ளி மூடிருவேண்ணா?”

“மூடணும்ண்ணா எனக்குத் தனிக் கூலி,” என்று யோசுவாவின் குரல் கேட்டது.

“நீரு சும்மா நில்லும் ஓய். ஏறி வா பிள்ளே. பைய வா.”

ஏறி வந்தவளின் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாள் புஷ்பபாய். பிறகு போய் மண் குவியலில் பழையபடி உட்கார்ந்தாள். அழவில்லை. குன்றுகளுக்கு அப்பால், அம்பூரி மலை வெயிலில் நீலமாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று குழியின் வாயில் ஊதி ஊதிப் பார்த்தது.

“அம்பூரிக்குப் போவாண்டாம் அக்கா,” என்றாள் ஸ்ரீகுமாரி. “நம்ம வீடு உண்டுல்லா? அங்க உங்களுக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல. அதாக்கும் குறை.” புஷ்பபாய் ஒரு மண்கட்டியை எடுத்து விரலால் நொறுக்கினாள். “உனக்க அடுக்களையில உப்பு எங்க இருக்குண்ணு எனக்குத் தெரியும். ஆனா அத இடம் மாத்தி வைக்க எனக்குத் தோணல்ல பாத்துக்க.” நொறுங்கினதை ஊதிவிட்டாள். “செரி, உனக்க ஆபீஸ்ல இந்த விளைக்கு இனி என்னண்ணு போடுவிய?”

“வாழை ஆவாது. முந்திரிக் கொல்லாமரம் ஆவும். மழைக்கு மரச்சீனிக் கிழங்கு ஆவும்.”

“மனுசரு ஆவுமா ஆவாதாண்ணு போட மாட்டியளா?”

“அதுக்கு அங்க நிறம் இல்ல அக்கா.”

“இல்லியா?” புஷ்பபாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல் முறையாக ஏதோ இளகிற்று. “அப்பம் அத நான்தான சொல்லணும்.”

எழுந்தாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். தட்டத் தட்டச் செம்பொடி பறந்து வெயிலில் மிதந்தது.

“ஜங்சன்ல ரோட்டுப் பைப்பு உண்டு. காலத்த வெள்ளம் வருது. அங்க நிக்கவளுவ எல்லாம் கிணறு இல்லாதவளுவதான. அவளுவளுக்குப் பின்னால எனக்க கொடமும் ஒண்ணு நிக்கட்டு. நானும் ரெண்டு ஊரு வர்த்தமானம் கேப்பேன்.”

“சரிவு ஏறிக் கொண்டு வரணுமே அக்கா.”

“அம்பூரியில நான் மலை ஏறிக் கொண்டு வந்தேன். அது ஆருக்கு வெள்ளம்? இது எனக்கு.”

“அப்பம் இந்தக் குழி?” என்றார் யோசுவா.

“கிடக்கட்டு. சுத்தி வேலி மட்டும் கட்டிட்டுப் போவும். இடவப்பாதி மழையில என்ன நிக்கும்ண்ணு பாப்போம்.”

“வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட வாறப்ப எனக்க ஆளுவளையே கூப்பிடணும், கேட்டியளா?”

“பாறையத் தோண்டின கை, செம்மண்ணக் கண்டா சிரிக்குமே,” என்றாள் புஷ்பபாய். யோசுவா தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“வீடு எங்க வைக்கலாம் அக்கா?” என்று கேட்டுவிட்டு, ஸ்ரீகுமாரி சரிவை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். “அந்தா, அந்தப் பக்கம் கொஞ்சம் நிரப்பா…”

“எட்டி!” புஷ்பபாய் விரலை நீட்டினாள். “நீ வாயத் திறக்கப்பிடாது. இத நான் பாத்துக்கிடுதேன்.”

ஸ்ரீகுமாரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவள் இடுப்பில் இன்னும் கயிறு சுற்றியிருந்தது. புஷ்பபாய் வந்து முடிச்சை அவிழ்த்து, ஒரு நுனியை அவள் கையில் கொடுத்துவிட்டு, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு சரிவின் குறுக்கே நடந்தாள். நின்றாள், ஜங்சன் இருக்கிற திசையைப் பார்த்தாள், நாலடி தள்ளி நின்றாள், மறுபடி நடந்தாள். கயிறு மண்ணில் இழுபட்டு, பிறகு மெல்லத் தூக்கி, விறைத்து நின்றது.

“இறுக்கிப் பிடி பிள்ளே,” என்று தூரத்திலிருந்து கூப்பிட்டாள். “இது அடுக்களைச் சுவராக்கும்.”